திரும்பி வந்த கடிதத்தை மூடியவன்

உங்கள் பயிற்சி அறையின் சுவரில் என் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நரைத்த மீசை, நீலக் கழுத்துப்பட்டி, காதில் தொலைபேசி. கீழே ‘ஒரு அழைப்பு, ஏழு உயிர்கள்’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். கழுத்துப்பட்டி என்னுடையது அல்ல. படம் எடுக்க வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், எடுத்து முடிந்ததும் கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். தொலைபேசியும் அன்றைக்குப் பிடித்த தொலைபேசி அல்ல. அந்தப் படத்தில் உண்மையானது மீசை மட்டும்தான்.

நான் இருபத்தாறு வருடம் அந்தக் கராஜின் வரவேற்பு மேசையில் இருந்தவன். பாரிஸின் லா ஷப்பல் வாசலுக்கு அப்பால், ரயில் பாதையை ஒட்டி நிற்கிறதே, அதே கட்டடம். போன வருடம் ஓய்வு பெற்றேன். இப்போது அதே மேசைக்கு எங்கள் பிள்ளைகள் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எண்ணெய் மாற்றுவதையும் கணினியில் பதிவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். 

கம்பனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அமெரிக்கக் கம்பனி, நூறு வயதைத் தாண்டியது, அவ்வளவு போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கும் அந்த வரலாற்றுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு கொட்டகைக்குள் இரண்டு பேர் தொடங்கிய தொழில், யுத்தத்துக்குச் செய்த லொறிகள், கப்பலில் ஏறி உலகமெல்லாம் போன கார்கள். மூடிய தொழிற்சாலைகளைப் பற்றியோ, வேலை போய்த் தெருவில் நின்ற ஆட்களைப் பற்றியோ, நீதிமன்றம் ஏறி இறங்கிய கதைகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அதையெல்லாம் நான் பிறகு பத்திரிகையில்தான் படித்தேன். ஆனால் படத்தை நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதைத் தமிழில் மொழிபெயர்த்து லா ஷப்பல் முழுக்க ஓதினேன்.

“யுத்தத்துக்கு லொறி செய்த கம்பனியடா, உன்ர பெண்சாதி பிள்ளையைக் கொண்டு போகாதோ?” என்று கேட்பேன். எங்கள் சனத்துக்கு அந்த ஒரு வசனம் போதும். பிரெஞ்சுக் காரை ‘தகரம்’ என்பார்கள், அமெரிக்கக் காரை ‘இரும்பு’ என்பார்கள். இரண்டுக்கும் தகடு ஒரே ஆலையிலிருந்து வந்திருந்தாலும் நான் திருத்தியிருக்க மாட்டேன். ஒரு கம்பனியின் புகழை அமெரிக்காவில் இருப்பவர்கள் மட்டும் கட்டுவதில்லை. ரூ லூயி-பிளாங்க் தெருவில் தேநீர் குடித்தபடி நானும் கட்டினேன்.

அப்படி நான் கட்டிக் கொடுத்த நம்பிக்கையில் வண்டி வாங்கியவன்தான் அருள். மன்னார்ப் பெடியன், உணவகச் சமையலறையில் வேலை, மனைவி ரெஜினா, மூன்று பிள்ளைகள். எங்கள் முற்றத்தில் நின்ற ஏழு இருக்கை வண்டி ஒன்றைக் கண்டதும் அவனுக்கு நித்திரை வரவில்லை. ஆனால் அப்போது அவனுடைய வதிவிடப் பத்திரம் புதுப்பிக்கப் போய்த் திரும்பி வராமல் கிடந்தது. வண்டியைத் தன் பெயரில் பதிய முடியாது.

“அதுக்கேன் யோசிக்கிறாய்? மச்சான்ர பேரிலை போடு” என்றேன்.

மச்சான் என்றால் கிறிஸ்ரி. அருளின் தங்கையின் கணவன், அப்போது பாரிஸுக்கு வெளியே ஸ்தேனில் இருந்தான். நல்ல மனிதன், உடனே சம்மதித்தான். பதிவுப் பத்திரத்தை, அதுதான் கார்ட் கிரீஸை, நானே நிரப்பினேன். இது எங்களுக்குள் புதிதல்ல என்று உங்களுக்குத் தெரியும். வண்டி ஓடுகிறவன் ஒருவன், பத்திரத்தில் இருக்கிறவன் வேறொருவன். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். அருளுக்கு ஆறு மாதத்தில் வதிவிடப் பத்திரம் வந்தது. கார்ட் கிரீஸை மாற்ற வேண்டும் என்று அவனும் நினைக்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

பிறகு வந்தன வேகக் கமராக் கடிதங்கள். அருள் வேகமாக ஓடினால் கடிதம் கிறிஸ்ரிக்குப் போகும். ஓடியது யார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள், மச்சானைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று கிறிஸ்ரி பேசாமல் இருந்தான், அவனுடைய ஓட்டுநர் பத்திரத்தில் புள்ளிகள் குறைந்துகொண்டு போயின. டெலிவரி வண்டி ஓடிச் சாப்பிடுகிறவன் அவன். ஒரு ஞானஸ்நான விருந்தில் இருவரும் எல்லார் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு அந்த வண்டியின் பெயரில் எந்தக் கடிதம் வந்தாலும் கிறிஸ்ரி உறையைத் திறக்காமல் ‘இந்த முகவரியில் இல்லை’ என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிடுவான். கோபம்தான், வேறொன்றுமில்லை.

அவர்கள் பேச்சு நின்று இரண்டாம் வருட வசந்தத்தில் அமெரிக்காவிலிருந்து உத்தரவு வந்தது. அருளின் வண்டி வகையில் ஒரு தொகுதிக்கு முன்பக்கப் பிரேக் குழாய் பிழை. வெயிலில், முழுப் பாரத்தோடு, இறக்கத்தில் அடிக்கடி மிதித்தால் குழாய் ஊதி வெடிக்கலாம். பிழையைத் திருத்த வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி உரிமையாளர்களுக்குப் போன ரப்பெல் கடிதத்தில் இதை எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? ‘சில சூழ்நிலைகளில் பிரேக்கின் செயற்றிறன் குறையக்கூடும்.’ குறையக்கூடும்! பெடல் போய்த் தரையில் முட்டுவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. நூறு வருடம் கார் செய்தவர்களுக்குப் பிரேக் பிடிக்காது என்று எழுதத் தெரியாதா? தெரியும். எழுதினால் பெயர் கெடும்.

சேராமல் திரும்பிய கடிதங்கள் எங்கள் கராஜுக்கு வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆளைத் தேடி, முடியாவிட்டால் கணினியில் ‘மூடு’ என்பதை அழுத்த வேண்டும். அது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு கட்டு வந்தது. தேடவில்லை. முகவரி பிழை, மூடு. முகவரி பிழை, மூடு. உறையில் இருந்த பெயரைக்கூட முழுதாக வாசிக்கவில்லை. அடுத்த கிழமை எங்கள் கிளையில் திறந்த கோப்பு ஒன்றுகூட இல்லை என்று தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு மின்னஞ்சல் வந்தது. அதை எல்லாருக்கும் வாசித்தும் காட்டினேன்.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மரக்கறிக் கடை வாசலில் அருள் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை, மாதா திருநாளுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு லூர்துக்குப் போறம். ஒருக்கா பானெட்டைத் திறந்து பாக்கிறியளோ?”

“கராஜுக்குக் கொண்டு வாவன்.”

“நீங்கள் பாத்தாக் காணும் அண்ணை.”

அந்தச் சொல் எவ்வளவு இனிமையாக இருந்தது! தெருவிலேயே பார்த்தேன். எண்ணெய், தண்ணீர், பெல்ட், ரயர் காற்று. பிரேக் குழாய் கீழே இருக்கிறது. வசந்தத்தில் வந்த உத்தரவு நினைவுக்கு வரவில்லை, குனியவில்லை. கராஜுக்குள் வந்திருந்தால் வண்டி இலக்கத்தைத் தட்டியதும் பிழை திருத்தாத வண்டி என்று கணினியில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும். தெருவில் கணினி ஏது? பானெட்டை மூடி அதில் ஒரு தட்டுத் தட்டி, “கண்ணை மூடிக்கொண்டு போ” என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

திருநாளுக்கு முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு, இழுவை லொறியில் ஒரு வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. அருளின் வண்டி வகை. முன்பக்கம் ஒரு சுவரில் நசிந்திருந்தது. ஓட்டிய முதியவர் தப்பிவிட்டார். எங்கள் பட்டறைத் தலைவி ஒரு பிரெஞ்சுக்காரி, பேச்சுக் குறைவு. கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினா. வெடித்த குழாயை என் மேசையில் வைத்தா.

“உன் பட்டியலில் மூடியவை எத்தனை?” என்று கேட்டா.

“சில.”

“கண்டுபிடிக்க முடியாதவர்கள்தானே? நிச்சயமா?”

நிச்சயம் என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. பட்டியலைத் திறந்தேன். நான்காவது வரியில் ஸ்தேன் முகவரி. அதற்குப் பக்கத்தில், அன்று கார்ட் கிரீஸில் நானே கையால் நிரப்பிய பெயர், கிறிஸ்ரி.

 இடி விழுந்தது என்று சும்மா சொல்வார்கள், எனக்கு அன்று காது உண்மையாகவே அடைத்தது. தலைவி ஏதோ கேட்கிறா, வாய் அசைவது மட்டும் தெரிகிறது. அருள் காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டவன். சுங்கம் இல்லாத பாதையால்தான் போவான், எங்கள் சனம் எல்லாம் அந்தப் பாதைதான். இந்த நேரம் லிமோஜை நெருங்கியிருப்பான். அதற்கு அப்பால் மேடும் பள்ளமும். வெளியே பார்த்தேன், நல்ல வெயில்.

அருளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. ரெஜினாவுக்கு அடித்தேன், தொலைபேசி அணைத்திருந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். யாத்திரை போகும்போது வண்டிக்குள் செபமாலை சொல்வார்கள், முடியும்வரை தொலைபேசிகளை அணைத்து ஒரு பையில் போட்டுவிடுவார்கள். நானே அவர்களோடு ஒரு முறை போயிருக்கிறேன். வண்டியில் இருக்கும் வேறு யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. கிறிஸ்ரிக்கு அடித்தேன்.

“அவன்ர கதை எண்டா என்னட்டைக் கதைக்காதேங்கோ அண்ணை.”

“கிறிஸ்ரி, கம்பனிக் கடிதம் ஒண்டு வந்ததோ?”

“வந்தது. திருப்பி அனுப்பிப் போட்டன். ஏன்?”

“அந்த வண்டியிலை பிரேக் பிழை. அவையள் இப்ப ரோட்டிலை போய்க்கொண்டிருக்கினம். ஆரும் போன் எடுக்கினமில்லை.”

 அவனுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், அவனுடைய மனைவி. “ஐயோ, அனோஜாவும் அதுக்கைதான் இருக்கிறாள்!” என்று கத்தினா. அனோஜா அவர்களுடைய ஒரே மகள், இருபது வயது, பல்கலைக்கழகம் போகிறவள். சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, தாயின் சம்மதத்தோடு மாமன் வண்டியில் ஏறியிருக்கிறாள். கிறிஸ்ரியிடமிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. தொலைபேசியைத் தாய்தான் வாங்கி மகளின் இலக்கத்தைத் தந்தா.

எழுதத் தொடங்கினேன், பிரெஞ்சில். அவளுக்கு அதுதான் வேகமாக ஏறும். ‘அனோஜா, வண்டியின் பிரேக்’ என்று எழுதியபோது தலைவி என் மணிக்கட்டைப் பிடித்தா.

“அந்தச் சொல்லை அழி. பிரேக் என்று கேட்ட உடனே கால் அதைத்தான் மிதிக்கும். அவர்கள் இப்போது இறக்கத்தில் இருந்தால்?”

இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாடங்களில் பெரியது அந்த ஒரு வசனம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று என் மனம் துடித்தது. ஆனால் அந்த நேரம் உண்மை எனக்குத்தான் தேவையாக இருந்தது, பாரத்தை இறக்கிவைக்க. அருளுக்குத் தேவை வேறு. அழித்துவிட்டு எழுதினேன்: ‘கராஜிலிருந்து எழுதுகிறேன். மாமாவிடம் அமைதியாகச் சொல்லு. எஞ்சின் சூடாவதை நான் சனிக்கிழமை கவனிக்காமல் விட்டுவிட்டேன். அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கட்டும். அடுத்த ஓய்விடத்தில் மெல்லக் கைப்பிரேக்கை இழுத்து நிற்கட்டும். பயப்பட ஒன்றுமில்லை.’

அனுப்பினேன். பெரியவர்கள் தொலைபேசியை அணைத்தாலும் இங்கே பிறந்த பிள்ளை அணைக்க மாட்டாள், சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு மடியில் வைத்திருப்பாள் என்பதே என் ஒரே நம்பிக்கை. செபமாலை நேரத்தில் தொலைபேசி பார்க்கிற பிள்ளைகளை எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்! அன்றைக்கு, பாரடி பிள்ளை, பாரடி என்று மன்றாடினேன். தலைவி என் மேசை நுனியில் இருந்தா.  மேசையில் இருந்த வெடித்த குழாயிலிருந்து எண்ணெய் ஒழுகி என் பாராட்டு மின்னஞ்சல் பிரதிமேல் பரவியது, துடைக்கத் தோன்றவில்லை.

பதினொரு நிமிடம். பிறகு பிரெஞ்சில் பதில் வந்தது, என்னை மாமா முறையில் ‘தொந்தொன்’ என்று கூப்பிட்டு: ‘நின்றுவிட்டோம், தொந்தொன். ஓய்விடத்தில். மாமா எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்கிறார். நான் வந்தது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், ப்ளீஸ்.’

நான் அழுதேன். வெட்கமில்லாமல், வாடிக்கையாளர்கள் பார்க்க, அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன்.

பக்கத்து ஊர்க் கராஜ்காரர் வண்டியை இழுத்துப் போனார். நின்ற இடத்தில் வைத்துப் பெடலை அழுத்தினாராம். மூன்றாம் தரம் குழாய் வெடித்து எண்ணெய் தரையெல்லாம் ஓடியது.  புதுக் குழாய் வர இரண்டு நாள் ஆனது. திருநாள் முடிந்துவிட்டது, அவர்கள் லூர்துக்குப் போகாமலே திரும்பினார்கள்.

இனித்தான் எனக்கு இன்றும் விளங்காத பகுதி. ஞாயிறு பூசைக்குப் பிறகு கதை லா ஷப்பல் முழுக்கப் பரவியது. நான் ஏழு பேரைக் காப்பாற்றியவன். கடையில் தேநீர் வாங்கினால் பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்து ஆட்டுவார். “அமெரிக்கன் கம்பனி எண்டா அமெரிக்கன் கம்பனிதான், பிழை எண்டா ரோட்டிலை வைச்சும் தேடிப் பிடிச்சுச் சொல்லுறாங்கள்” என்று ஒருவர் எனக்கே விளக்கினார். அந்த மாதம் எங்கள் சனத்தில் இரண்டு பேர் அதே வகை வண்டி வாங்கினார்கள். தலைமை அலுவலகம் கழுத்துப்பட்டியோடும் கமராவோடும் வந்தது. தலைவி அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கம்பனிக்குப் புகழ், எனக்குப் படம். பழி? அது முழுக்கக் கிறிஸ்ரிக்கு. கோபத்தில் கடிதத்தைத் திருப்பி அனுப்பி மச்சான் குடும்பத்தையே கொல்லப் பார்த்தவன், சொந்த மகளும் உள்ளே இருந்தாளாம் என்று சனம் பேசியது. அவன் பூசைக்கு வருவதை நிறுத்தினான். பழைய முகவரியை விட்டுப் பியர்ஃபித்துக்கு மாறியதுகூட எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் திறக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் அருளை ரூ லூயி-பிளாங்குக்கு வரச் சொல்லி, தேநீர்க் கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வந்த கடிதம் என் கைக்கு வந்ததை, பெயரை வாசிக்காமல் மூடியதை, தெருவில் குனிந்து பார்க்காததை.  தேநீர் ஆறிப் போனது.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு நாங்கள் செத்திருந்தா, பேப்பரிலை ஆரிலை பிழை எண்டு வந்திருக்கும்?”

“கிறிஸ்ரியிலை.”

“கம்பனியிலை?”

“இல்லை. கடிதம் அனுப்பினதுக்குப் பதிவு இருக்கு.”

“உங்களிலை?”

“இல்லை. முகவரி பிழை எண்டு ஒழுங்கா மூடியிருக்கிறன்.”

அவன் என்னை அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முதல் கண்டதில்லை. ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எழும்புங்கோ” என்றான். “இதை என்னட்டைச் சொல்லி வேலையில்லை. மச்சானிட்டைச் சொல்லவேணும்.”

ரயிலில் பியர்ஃபித் மட்டும் இருவரும் நின்றுகொண்டு போனோம், இருக்கை இருந்தும். மூன்றாம் மாடியில் அருள்தான் மணியை அடித்தான், இரண்டு வருடமாக மச்சானோடு பேசாதவன். கிறிஸ்ரி கதவைத் திறந்தான். நன்றாக மெலிந்திருந்தான். வாசலில் நின்றபடியே சொன்னேன்: “கிறிஸ்ரி, நீ திருப்பி அனுப்பின கடிதம் என்னட்டைத்தான் வந்தது. தேடிப் பிடிக்கிறது என்ர வேலை. நான் தேடேல்லை.”

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். அவன் மெல்லச் சறுக்கி நிலத்தில் இருந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான். அருள் குனிந்து அவனைத் தூக்கினான். உள்ளே இருந்து ஓடிவந்த கிறிஸ்ரியின் மனைவி எங்களைக் கண்டு அப்படியே நின்றா. அந்த ஒரு மாதத்தில் அவர்கள் வீட்டு மணியை அடித்த முதல் ஆட்கள் நாங்கள்தான் என்று சொன்னா.